தாய்வீட்டுச் சீரோடு வந்த கவிஞர்

(பத்தாம் வகுப்பு மாணவி, சுந்தரபாண்டியபுரம்)

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் வகுப்பில் கம்பராமாயணப் பாடல் ஒப்புவிக்கும் போட்டிக்குப் பெயர் கேட்டார்கள். வகுப்பில் பலர் கையை உயர்த்தினார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளாகிய நாங்கள் ஐந்தாறு பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தோம். பாடத்தில் வந்த கம்பர் செய்யுள்களை எல்லோரையும்விட நன்றாக மனப்பாடம் செய்திருந்தவர்கள் நாங்களே. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற பிள்ளைகள் மேடையேறி இராமகாதையைப் பாடலாமா, அது பாவமாகிவிடாதா என்ற அச்சம் எங்கள் உள்ளத்தைப் பிடித்துக்கொண்டது. அப்படிப் பாடக்கூடாது என்று எங்களில் ஒருத்திக்கு உறவினர் ஒருவர் சொல்லியும் இருந்தார்.

எங்கள் தமிழாசிரியை எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கரும்பலகையில் ஒரு பெயரை மட்டும் எழுதிவிட்டு, நூலகத்தில் தேடிப் படித்துவிட்டு வந்து பெயர் கொடுக்கலாமா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று கூறிச் சென்றார். அந்தப் பெயர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்பது. நம் நெல்லைச் சீமையிலே பிறந்து, கிறிஸ்தவக் கம்பர் என்று தமிழுலகம் போற்றும் அப்பெரியாரின் வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் இளமையும்

திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பு என்னும் சிற்றூரில் 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கிருஷ்ண பிள்ளை பிறந்தார். தந்தையார் சங்கர நாராயண பிள்ளை. தாயார் தெய்வநாயகி அம்மையார். வைணவ நெறியில் ஊறிய வேளாளர் குடும்பம் அது. தந்தையார் கம்பராமாயணத்தில் மிகுந்த ஈடுபாடு உடையவர். ஆகவே மற்றப் பிள்ளைகள் கதை கேட்டு உறங்கும் வயதில் கிருஷ்ண பிள்ளை கம்பரின் விருத்தங்களைக் கேட்டு வளர்ந்தார். ஆழ்வார்களின் பாசுரங்களும் அவருடைய காதில் விழுந்துகொண்டே இருந்தன.

இறைவன் தன்னை அடைந்தவரைக் கைவிடமாட்டான், நம் தகுதியைப் பார்த்தல்ல, தன் அருளாலேயே காப்பான், ஆகவே அவன் திருவடியில் அடைக்கலம் புகவேண்டும் என்பது வைணவம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே ஊட்டுகின்ற உண்மை. இந்த எண்ணம் பிற்காலத்தில் அவருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஆசிரியப் பணி

தமிழ் இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்றுத் தேர்ந்த கிருஷ்ண பிள்ளைக்கு 1853-ஆம் ஆண்டு சாயர்புரத்தில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. இவ்வூர் இன்று தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே சீர்திருத்தச் சபையார் நடத்திய கல்விச்சாலை புகழ் பெற்றிருந்தது. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜி. யு. போப் ஐயர் முன்னர்ப் பணிபுரிந்த இடம் அது. கிருஷ்ண பிள்ளையை அப்பணிக்குத் தேர்ந்தவர் கால்டுவெல் ஐயர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856-ஆம் ஆண்டில் வெளியிட்ட அதே கால்டுவெல்தான் அவர்.

நெற்றியில் திருமண் இட்ட ஒரு வைணவத் தமிழ்ப் பண்டிதர் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்க வந்தார். வந்தவர் தம் மாணவர்களை மதம் மாறச் செய்தவர்களிடம் உவப்புக் கொள்ளவில்லை. கிறிஸ்தவ மறையைப் பற்றி அவருக்கு நல்லெண்ணமும் இல்லை. ஆயினும் அன்றாடம் பழகிய மனிதரும் படிக்க நேர்ந்த நூல்களும் அவரைச் சிந்திக்க வைத்தன.

மனப் போராட்டம்

அவருடைய தம்பி முத்தையா பிள்ளையும் நண்பர் தனகோடி ராஜுவும் அவருக்கு முன்னரே கிறிஸ்துவைப் பற்றிய எண்ணத்தில் ஆழ்ந்தவர்கள். அவர்கள் தந்த நூல்களைக் கிருஷ்ண பிள்ளை படித்தார். அவற்றுள் ஒன்று ஆங்கிலேயராகிய ஜான் பனியன் எழுதிய மோட்சப் பயணக் கதை. தம் மனச்சான்றின்படி போதித்ததற்காகச் சிறையில் அடைக்கப்பட்டவர் பனியன். அவருடைய அந்நூல் 1678-ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதுகில் பாவச் சுமையைத் தாங்கிய ஒரு மனிதன் அழியப்போகும் நகரத்தைவிட்டுப் புறப்பட்டு, பல இடர்களைக் கடந்து, விண்ணக நகரை அடைவதே கதை.

அந்தக் கதையின் மனிதனைப் போலவே கிருஷ்ண பிள்ளையும் தவித்தார். வீட்டையும் சுற்றத்தையும் முன்னோரையும் அவரால் எளிதில் விட இயலவில்லை. உள்ளம் கண்ட உண்மையை மறைத்து வாழவும் அவரால் இயலவில்லை. அக்காலத்தில் ஒருவர் மதம் மாறினால் குடும்பம் முழுவதும் ஊரில் தலைகுனிய நேர்ந்தது. பெண் கொடுக்கமாட்டார்கள், பந்தியில் சேர்க்கமாட்டார்கள். இவ்வளவும் தெரிந்தே அவர் முடிவெடுத்தார். 1858-ஆம் ஆண்டில், முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைப் பின்னாளில் தாமே எழுதியும் வைத்தார்.

பெயரில் ஒரு பாடம்

திருமுழுக்கின்போது அவருக்கு ஹென்றி ஆல்பிரட் என்னும் பெயர் சூட்டப்பட்டது. எச். ஏ. என்னும் எழுத்துகள் அவற்றையே குறிக்கின்றன. ஆனால் தோழியரே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். புதுப் பெயரைப் பெற்றுக்கொண்ட அவர், பெற்றோர் இட்ட பெயரைத் தூக்கி எறியவில்லை. திருமாலின் பெயராகிய கிருஷ்ணன் என்பதை, அவர் கிறிஸ்தவராக வாழ்ந்த நாற்பத்திரண்டு ஆண்டுகளும் தாங்கியே இருந்தார். நூல்களின் முகப்பிலும் அப்பெயரே நின்றது. தெய்வநாயகி அம்மையார் தொட்டிலில் அழைத்த பெயர் கோயிலுக்குள்ளும் அவரோடு வந்தது.

இவ்வாறு பழையதையும் புதியதையும் சேர்த்து வைப்பது அந்நாளில் எல்லோருக்கும் பிடித்திருக்கவில்லை. தலையில் குடுமி வைத்திருப்பதே கிறிஸ்தவருக்கு ஆகாது, அது பழைய மதத்தின் அடையாளம் என்று குருமார் சிலர் வாதாடினர். குடுமி மதத்தைச் சேர்ந்தது அன்று, அது நாட்டு வழக்கமே என்று கால்டுவெல் 1867-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலே எழுதினார். ஒரு முழம் மயிருக்காக இவ்வளவு விவாதமா என்று நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகுதான் உணர்ந்தோம்: எங்கள் ஒப்புவித்தல் போட்டித் தயக்கமும் அதே வழக்குத்தான்!

நம் திருச்சபை காட்டிய வழி

இந்த வழக்கு கத்தோலிக்கத் திருச்சபைக்குப் புதிதன்று. கிருஷ்ண பிள்ளைக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1606-ஆம் ஆண்டில் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவியாகிய இராபர்ட் தெ நோபிலி, காவி உடுத்து, தமிழும் வடமொழியும் கற்று, தத்துவ போதகர் எனப் பெயர் கொண்டு வாழ்ந்தார். கிறிஸ்தவராக விரும்புவோர் தம் குடுமியையும் பூணூலையும் சந்தனத்தையும் விடவேண்டியதில்லை என்று அவர் கூறியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமாபுரி வரை சென்றது. திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் 1623-ஆம் ஆண்டில் நோபிலியின் பக்கமே தீர்ப்பளித்தார்.

அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவர் நம் பகுதியிலுள்ள காமநாயக்கன்பட்டியில் தொண்டாற்றியவர். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடித் தமிழ்க் காப்பிய மரபுக்கு அழகு சேர்த்தார். நம் காலத்திலும், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டில் வழிபாட்டைத் தாய்மொழியில் நடத்த இடமளித்தது. அதன் பின்னரே திருப்பலி முழுவதையும் நாம் தமிழில் கேட்கிறோம். எங்கள் ஆச்சி இன்றும் திருப்பலியைப் பூசை என்றே சொல்வார். அந்தச் சொல்லும் பழைய கத்தோலிக்கர் இம்மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டதே.

நோபிலியும் வீரமாமுனிவரும் வெளிநாட்டிலிருந்து வந்து தமிழ் மரபைக் கற்றுக்கொண்டவர்கள். கிருஷ்ண பிள்ளையோ அம்மரபிலேயே பிறந்தவர். தம்மிடம் இருந்ததை எப்படிக் காத்துக்கொள்வது என்பதே அவருடைய கேள்வி. அதற்கு அவர் தந்த விடையே இரட்சணிய யாத்திரிகம்.

இரட்சணிய யாத்திரிகம்

திருமுழுக்குப் பெற்ற பின் கிருஷ்ண பிள்ளை சென்னையில் தினவர்த்தமானி என்னும் இதழின் துணையாசிரியராகவும், மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராகவும் பணியாற்றினார். பின்னர் நெல்லைச் சீமைக்குத் திரும்பிப் பாளையங்கோட்டையில் கற்பித்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் சில ஆண்டுகள் தமிழ்ப் பணி செய்தார். வகுப்பறையில் பகல் கழிந்தது. காப்பியத்துக்கு அவர் செலவிட்ட காலமோ மிக நீண்டது. நற்போதகம் என்னும் மாத இதழில் பதின்மூன்று ஆண்டுகள் இரட்சணிய யாத்திரிகம் தொடராக வெளிவந்தது. 1894-ஆம் ஆண்டில் அது முழு நூலாயிற்று. அப்போது ஆசிரியருக்கு வயது 67.

பனியனின் மோட்சப் பயணக் கதையே இதற்கு மூலம். ஆனால் இதை மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிட முடியாது. பனியன் எழுதியது எளிய உரைநடை. கிருஷ்ண பிள்ளை பாடியதோ 3,700-க்கும் மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட பெருங்காப்பியம். ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களாக அது அமைந்துள்ளது. கதைத் தலைவனுக்கு ஆன்மிகன் என்று பெயரிட்டார். ஆங்கில நாட்டுச் சேற்று வழியில் நடந்த மனிதன், தமிழ்க் காப்பியத்துக்குள் வந்ததும் கம்பரின் விருத்த நடையில் நடக்கிறான். இராமபிரான் காடு சென்ற கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, ஆன்மாவின் காட்டுவழிப் பயணத்தைப் பாடும் வகை தெரியாமலா போகும்?

காப்பியத்தின் இடையிடையே ஆன்மிகன் இறைவனை நோக்கி உருகிப் பாடும் இசைப்பாடல்கள் வருகின்றன. அவற்றுக்கு இரட்சணியத் தேவாரம் என்று பெயர். தேவாரம் என்பது சைவப் பெரியோர் சிவபெருமானைப் பாடிய பாடல்களின் பெயர் என்பதை நாம் அறிவோம். வைணவக் குடியில் பிறந்த கிறிஸ்தவர், சைவத்தின் இசைப்பெயரை எடுத்து இயேசுபிரானுக்குச் சூட்டினார். 1884-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய போற்றித் திருவகவலும் அவ்வாறே. அப்பெயரில் மாணிக்கவாசகரின் திருவாசகத்தில் ஒரு பகுதி உண்டு.

இளமையில் கற்ற அடைக்கலம் என்னும் எண்ணத்தைப் பின்னர்ப் பார்ப்போம் என்று கூறினோம் அல்லவா? அது இங்கேதான் வெளிப்படுகிறது. தன் முயற்சியால் அல்ல, அருளாலேயே மீட்பு என்று கிறிஸ்தவ மறை கூறியபோது, அது அவருக்கு அந்நிய மொழியாகப் படவில்லை. ஆழ்வார்களின் பாசுரங்களைக் கேட்டுப் பழகிய செவிக்கு அந்த ஏக்கம் முன்னரே அறிமுகமானது. பழைய வீட்டில் கற்ற சொற்களே புதிய வீட்டில் செபமாயின.

இறுதிக் காலம்

முதுமையிலும் அவர் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. இரட்சணிய சமய நிர்ணயம், இரட்சணிய மனோகரம் ஆகிய நூல்கள் அவருடைய கடைசி ஆண்டுகளில் வெளிவந்தன. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். அவருடைய பாடல்கள் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ளன. எந்த மதத்துப் பிள்ளையும் அவற்றைத் தமிழ்ப் பாடல்களாகவே படிக்கிறது.

நாங்கள் கேட்ட ஒரு கேள்வி

இவ்வளவும் படித்த பின் எங்களுக்கு ஓர் ஐயம் எழுந்தது. முன்னோர் வழக்கம் எல்லாவற்றையும் காக்கவேண்டுமா? எங்கள் தமிழாசிரியையிடம் கேட்டோம். அவர் எங்களையே சிந்திக்கச் சொன்னார்.

கிருஷ்ண பிள்ளையின் காலத்தில் நெல்லைச் சீமையில் கிறிஸ்தவரானவர்களுள் மிகப் பலர், கம்பராமாயணத்தைத் தொட்டுப் பார்க்கவும் வாய்ப்பில்லாத ஏழை மக்கள். பனையேறியும் வயலில் உழைத்தும் வாழ்ந்தவர்கள். எழுத்தறிவே அவர்களுக்குத் திருச்சபையின் பள்ளிக்கூடங்கள் வழியாகத்தான் வந்தது. அவர்களுக்கும் குலமரபு உண்டு. தாலாட்டும் ஒப்பாரியும் பழமொழியும் உண்டு. ஏட்டில் ஏறாததால் அவற்றுள் எத்தனையோ மறைந்துவிட்டன. மேலும், குலப்பெருமை என்ற பெயரில் கோயிலுக்குள்ளேயே ஒருவரை முன்னும் ஒருவரைப் பின்னும் இருத்திய காலமும் இருந்தது. அதுவும் முன்னோர் வழக்கம்தான். ஆனால் அதைக் காப்பது அறமாகுமா?

ஆகவே நாங்கள் இவ்வாறு முடிவு செய்தோம். பிறரைத் தாழ்த்தும் வழக்கம் எவ்வளவு பழையதாயினும் விடத்தக்கது. உள்ளத்தை உயர்த்தும் மொழியும் பாட்டும் பெயரும் எந்தக் குடியிலிருந்து வந்தாலும் காக்கத்தக்கவை.

ஆச்சி சொன்னது

விடுமுறையில் சுந்தரபாண்டியபுரத்துக்குப் போனபோது எங்கள் ஆச்சியிடம் இதையெல்லாம் சொன்னோம். ஆச்சிக்கு அதிகப் படிப்பு இல்லை. ஆனால் தை முதல் நாளில் முற்றத்தில் கோலமிட்டு, பொங்கல் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டி, பானையின் மேல் சுண்ணாம்பால் சிலுவை வரைந்து, சூசையப்பரை வேண்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டுவார். இது தவறில்லையா என்று முன்பொருமுறை நாங்கள் அவரிடம் கேட்டு அவர் மனம் நோகச் செய்ததுண்டு. அப்போது அவர் பதில் சொல்லாமல் பொங்கலைக் கிண்டிக்கொண்டிருந்தார்.

இந்தமுறை கிருஷ்ண பிள்ளையின் கதையைக் கேட்டதும் ஆச்சி பேசினார். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறபோது தாய்வீட்டில் இருந்து பானையும் விளக்கும் சீராகக் கொடுத்து அனுப்புகிறோம், புகுந்த வீட்டார் அந்த விளக்கைத் தெருவில் போட்டுவிட்டு வா என்று சொல்வார்களா, அதே விளக்கைத்தானே அந்த வீட்டிலும் ஏற்றுகிறாள் என்று கேட்டார். புகுந்த வீட்டுக்கு உண்மையாக இருக்கவேண்டும், ஆனால் பிறந்த வீட்டை ஏசுகிறவள் புகுந்த வீட்டிலும் நிலைக்கமாட்டாள் என்றும் சொன்னார். நாங்கள் வாயடைத்துப் போனோம். நூலகத்தில் பல நாள் தேடிய விடை எங்கள் வீட்டு அடுப்படியில் இருந்தது.

முடிவுரை

தோழியரே! குற்றாலத்தில் பொங்கி விழும் நம் சிற்றாறு, தென்காசியைக் கடந்து, சீவலப்பேரிக்கு அருகே தாமிரபரணியில் கலக்கிறது. கலந்த பின்னும் அந்த நீர் பொதிகை மலைத்தொடரின் நீர்தான். கிருஷ்ண பிள்ளையின் வாழ்வும் அத்தகையது. அவர் கிறிஸ்துவை முழு மனத்தோடு ஏற்றார். அதில் ஊசலாட்டம் இல்லை. அதே வேளையில் தந்தை கற்பித்த கம்பரையும், தாய் அழைத்த பெயரையும், தமிழ் தந்த யாப்பையும் அவர் அந்நியமாக எண்ணவில்லை. அவற்றை எல்லாம் காணிக்கையாக்கினார்.

கம்பரை வீடுதோறும் கொண்டுசேர்க்கப் பாடுபட்ட இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த தென்காசி, குற்றாலப் பகுதியில் பிறந்த நாம், தமிழை வெறும் மதிப்பெண் பாடமாக எண்ணுவது முறையா? வீட்டில் ஆங்கிலத்தில் பேசினால்தான் மதிப்பு என்றெண்ணி, ஆச்சியின் சொற்களைக் கேட்டுக் கூச்சப்படுவது முறையா? பெற்றோர்களும் இதைச் சற்றே சிந்திக்கும்படி பணிவோடு வேண்டுகிறோம். வீட்டில் முதியோர் சொல்லும் தாலாட்டையும் கதையையும் விடுகதையையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க நாங்கள் தொடங்கிவிட்டோம். நீங்களும் தொடங்குங்கள். நாளை என்று தள்ளிப்போட்டால், சொல்பவர் இருக்கமாட்டார்.

போட்டி என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? நாங்கள் ஆறு பேரும் பெயர் கொடுத்தோம். மேடையேறுவதற்கு முன் கோயிலுக்குச் சென்று ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டோம். எங்களில் ஒருத்திக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசைப் பெற்ற இந்துத் தோழி, அடுத்த ஆண்டு இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து பாடப்போவதாகச் சொல்லி எங்களிடம் அந்த நூலைக் கேட்டு வாங்கிச் சென்றிருக்கிறாள்.

வாழ்க கிருஷ்ண பிள்ளையின் புகழ்! வளர்க தமிழ்!